சேம அச்சு: ஓர் அம்பாசிடரும் அதன் குறிப்பேடும்

புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிறார். அவனுக்கு அவர் காட்டும் உவமை மலையோ கடலோ அன்று. ஓர் உப்பு வண்டியின் உதிரி உறுப்பு. உமணர் எனப்படும் உப்பு வணிகர் மேடும் பள்ளமுமான நெடுவழியில் வண்டி ஓட்டிச் செல்வர். எருதுகள் இளையன, பாரமோ மிகுதி, வழியில் என்ன நேருமென்று யாராலும் சொல்ல இயலாது. ஆகவே வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சைக் கட்டி வைத்துக்கொள்வர். அதற்குச் சேம அச்சு என்று பெயர்.

வகுப்பில் நாம் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் கடைசி வரிசையிலிருந்து யாரேனும் ஒரு மாணவர் "ஸ்டெப்னி" என்பார். வகுப்பே சிரிக்கும். விளக்கவுரைக்கு அப்புறம் வேலையில்லை. அந்தச் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. வேல்ஸ் நாட்டு லனெத்லி நகரில் ஸ்டெப்னி என்றொரு தெரு. 1904-இல் அங்கே உதிரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருவின் பெயர் சக்கரத்தின் பெயராயிற்று. சக்கரம் கடல்கடந்து வந்தபோது பெயரும் உடன் வந்தது. இங்கிலாந்தில் வழக்கொழிந்த பின்னும் நம் ஊர்ப் பட்டறைகளில் அது வாழ்கிறது.

சங்ககாலத்து உமணனுக்கு வழியில் பட்டறை கிடையாது. அச்சு முறிந்தால் அவனே இறங்க வேண்டும், அவனே மாற்ற வேண்டும். வண்டி உடையவனே வண்டியைப் பழுது பார்ப்பவனும் ஆவான் என்ற இந்த ஏற்பாடு மாட்டுவண்டியோடு முடிந்துவிடவில்லை. இயந்திரம் பூட்டிய வண்டி வந்த பின்னும் நெடுங்காலம் தொடர்ந்து, நம் கண்முன்னேதான் முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதன் வரலாற்றைப் பட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் ஒரு பழைய அம்பாசிடரை முன்வைத்துச் சொல்லிப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டி மையிலிருந்து எண்ணெய் என்ஜினுக்கு

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலோரத்தில் அதிராம்பட்டினம். அங்கே உப்பளங்கள் உண்டு. ஆகவே உப்பு வண்டி என்பது எங்கள் பகுதிக்கு ஏட்டுச் செய்தி அன்று. அச்சுக்கு மை போடுவதும், கடையாணி இறங்கியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதும், கோடையில் மரம் சுருங்கிப் பட்டா கழன்றுவிடாமல் சக்கரத்தை நனைத்து வைப்பதும் வண்டி வைத்திருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருந்தன. தச்சரும் கொல்லரும் வண்டியைச் செய்து தந்தார்கள். ஆனால் அதைக் காப்பாற்றியவன் வண்டிக்காரன். வள்ளுவர் 667-ஆம் குறளில் உருவத்தால் சிறியவரை இகழாதே என்று சொல்ல அச்சாணியை எடுத்துக்காட்டியபோது, கேட்டவர்கள் அனைவரும் அச்சாணியைக் கையால் தொட்டவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

1934-இல் மேட்டூர் அணை முடிவுற்றது. அத்திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. பழைய டெல்டாவுக்கு ஆறு இருந்தது. எங்களுக்குக் கால்வாய் வந்தது. மக்கள் அதைப் புது ஆறு என்றார்கள். நெல் பெருகியதும் அரைவை ஆலைகள் வந்தன. தென்னை பெருகியதும் கிணற்றில் எண்ணெய் என்ஜின்கள் வந்தன. 1930-இல் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்து 1959-இல் மறைந்த மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கவிஞராவதற்கு முன் பார்த்த தொழில்களின் நீண்ட பட்டியலில் உப்பளத் தொழிலும் உண்டு, இயந்திரம் ஓட்டும் தொழிலும் உண்டு என்பர். உமணரின் உப்பும் புதிய காலத்தின் இயந்திரமும் ஒரே மனிதரின் கைகளில் சந்தித்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் மோட்டார் வண்டியின் தொடக்கமே கையால் செய்து பார்த்தவர்களின் கதைதான். 1903-இல் சென்னை சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரைக் கட்டினார். 1920-இல் ஜி.டி. நாயுடு ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார்; கல்லூரிப் படிப்பு இல்லாத அவர், பிரித்துப் பார்த்தே இயந்திரத்தைக் கற்றவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டுப் பொருளானபோது டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் கரிவாயுக் கலன்களைச் செய்து விற்றது. அடுப்புக்கரியின் புகையில் பேருந்துகள் ஓடின. எரிபொருள் மாறியபோது தொழிற்சாலைக்காகக் காத்திராமல் இயந்திரத்தை மாற்றியமைத்துக்கொள்ளும் துணிவு அப்போதே இங்கு இருந்தது என்பதை நினைவில் கொள்க. பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

உறைந்துபோன வடிவம்

1953-இல் இந்திய அரசின் சுங்கவரி ஆணையம் ஓர் அறிக்கை அளித்தது. உறுப்புகளை இறக்குமதி செய்து பூட்டி மட்டும் விற்போருக்கு இங்கு இடமில்லை. படிப்படியாக உறுப்புகளையும் உள்நாட்டிலேயே செய்வோரே தொடரலாம் என்பது அதன் சாரம். அமெரிக்க நிறுவனங்களான ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. கார் செய்தவர்களுள் மூவரே முதன்மையாக எஞ்சினர்: கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் தேர்ந்தெடுத்தது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை. அது இங்கிலாந்தில் 1956-இல் வெளிவந்து 1959-இல் நிறுத்தப்பட்டது. இங்கோ 1957-58-இல் அம்பாசிடர் என்ற பெயரில் பிறந்து 2014 மே மாதம் வரை செய்யப்பட்டது. பிறந்த நாட்டில் மூன்றாண்டு. வந்த நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேல். 1959 முதல் அதில் 1489 கன சென்டிமீட்டர் இயந்திரம் பூட்டப்பட்டது. பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசை எனப்படும் அதே குடும்பத்து இயந்திரமே 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. என்னும் விரைவுக் காரிலும் இருந்தது. ஆங்கிலேய இளைஞர்கள் காதலியை அமர்த்தி ஓட்டிய வண்டியின் இயந்திரம், பட்டுக்கோட்டையில் கொப்பரை மூட்டையை ஏற்றி இழுத்தது.

உதிரி உறுப்புகளின் கதைக்கு எங்கள் ஊரோடு ஓர் உறவுண்டு. பட்டுக்கோட்டையை அடுத்த இராசாமடத்தில் 1910-இல் பிறந்த ஆர். வெங்கட்ராமன், 1957 முதல் 1967 வரை சென்னை மாநிலத்தின் தொழில்துறை அமைச்சராக இருந்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரானார். கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் எழுந்த காலம் அது. சென்னையைச் சுற்றி மோட்டார் உறுப்புத் தொழில் திரண்டதும் அக்காலத்தில்தான்: 1960-இல் வீல்ஸ் இந்தியா, 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-இல் பிரேக்ஸ் இந்தியா. இவற்றுக்கு முன்பே 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ். உத்தரபாராவில் செய்த வண்டிக்குப் பட்டுக்கோட்டைக் கடையில் உறுப்பு கிடைத்ததற்கு இந்தச் சென்னைத் தொழிற்சாலைகளே பெரிதும் காரணம்.

வடிவம் மாறாமல் இருந்ததைப் பொருளியலார் குறையாகவே எழுதுகின்றனர். அது நியாயமும் கூட. போட்டியில்லாச் சந்தையில், வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களிடம் உறைந்த வடிவத்தின் பெருமையைப் பேச முடியாது. கதவு சரியாகப் பூட்டாது. மழையில் கால்மாட்டில் ஒழுகும். மலை ஏறினால் கொதிக்கும். ஆனால் அந்தத் தேக்கத்தின் அடியில், யாரும் திட்டமிடாத ஒன்று வளர்ந்தது. 1962-ஆம் ஆண்டு வண்டியில் கற்ற பாடம் 1992-ஆம் ஆண்டு வண்டியிலும் பெரும்பாலும் செல்லுபடியாயிற்று. தந்தை கற்றதை மகன் பயன்படுத்தினான். காரைக்குடியில் கற்றவன் கும்பகோணத்தில் கடை போட்டான். அறிவு தலைமுறை தாண்டி இறங்குவதற்கு, அது பற்றிநிற்கும் பொருள் சற்றுக் காலம் மாறாதிருக்க வேண்டும் போலும். யாப்பு மாறாதிருந்ததால் ஏடெழுதத் தெரியாதவரும் வெண்பாவை மனத்தில் வைத்திருந்தனர் அல்லவா, அதைப் போல.

ஒன்பதுக் கணக்கு

எங்கள் தந்தையார் தேங்காய் மண்டி வைத்திருந்தார். 1978-ஆம் ஆண்டு செய்யப்பட்ட மார்க் 3 அம்பாசிடரை 1988-இல் இரண்டாம் கையாக வாங்கினார். வாங்கிய மூன்றாம் மாதம் வண்டி மதுக்கூர்ச் சாலையில் இரவில் நின்றது. அன்று அவர் நடந்தே வீடு வந்தார். மறுநாள் அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். நாங்கள் அவரை 'பாய்' என்று அழைத்தோம். விளக்குமாற்றுக் குச்சியை விடச் சிறிய ஓர் உப்புத்தாளை எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, பாயின்டின் முகத்தை இரண்டு முறை தேய்த்தார். வண்டி கிளம்பியது. "இதுக்கு எதுக்கு என்னைக் கூப்புடுறீங்க முதலாளி, நாளைக்கு நீங்களே செய்யலாமே" என்றார். அந்த ஒரு சொல்லிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கல்வி தொடங்கியது.

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிறு, காலையில், கொட்டகையில் வேலை நடக்கும். தந்தையார், பாய், அக்காவும் தம்பியுமாகிய நாங்கள் இருவர். எண்ணெய் மாற்றுதல், பிளக்கைக் கழற்றிக் கரி நீக்குதல், கார்பரேட்டரின் ஜெட்டை ஊதுதல், ரேடியேட்டர் ஹோசைப் பிசைந்து பார்த்தல் ஆகியவை எளியவை. அவற்றுள் நுட்பமானது டெப்பட் வைத்தல்.

அந்த இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்கள், எட்டு வால்வுகள். ஒவ்வொரு வால்வின் தலைக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி இருக்க வேண்டும்; மில்லிமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 0.38. பட்டறை மொழியில் '15 தவ்'. இடைவெளி மிகுந்தால் டக்டக்கென்று ஓசை வரும். குறைந்தால் ஓசை வராது, ஆனால் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். ஓசையிடும் குற்றத்தை விட ஓசையிடாத குற்றமே கொடியது என்று பாய் சொல்வார். எந்த வால்வை எப்போது சரிசெய்வது? அதற்கு ஒரு கணக்கு உண்டு. எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதல் வால்வைப் பார்க்க வேண்டும். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. உலகெங்கும் இவ்வகை இயந்திரத்தைத் தொட்டவர்கள் அறிந்த கணக்கு இது. எழுத்தறியாத பாய் இதை விரல்களில் எண்ணிக் காட்டினார்.

முன்னே ஹேண்டிலைப் போட்டு இயந்திரத்தை மெல்லச் சுழற்றுவது எங்களுள் ஒருவர் வேலை. மெல்லிய எஃகு இதழை இடைவெளியில் நுழைத்து, அது வெண்ணெயில் கத்தி போலவும் இராமல், மணலில் கத்தி போலவும் இராமல் நகர்கிறதா என்று பார்ப்பது அக்காவின் வேலை. உறவினர் ஒருவர் ஒருமுறை, "பொம்பளப் புள்ள கையில எதுக்கு மாமா கிரீசு?" என்று கேட்டார். தந்தையார் தலை நிமிராமலே, "அது விரலுக்குத்தான் அந்த அளவு தெரியுது மாப்ள" என்றார். அக்கா அந்த இதழை மேலும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "அஞ்சாவது இறுக்கம்ப்பா" என்றாள். அடுப்படியில் இருந்த எங்கள் தாயாருக்கும் இதில் பங்குண்டு. தெருமுனையில் வண்டி திரும்பும் ஓசையை வைத்தே "இன்னிக்கு ஒரு பிளக்கு அடிக்கல" என்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

குறிப்பேட்டில் ஓர் உலகச் செய்தி

தந்தையார் கணக்கு எழுதிப் பழகியவர். மண்டியின் நீண்ட பேரேடு ஒன்றின் எஞ்சிய தாள்களில் வண்டிக்கும் கணக்கு எழுதினார். தேதி, ஓடிய தூரம், செய்த வேலை, வாங்கிய உறுப்பு, விலை. டெப்பட் பார்த்த நாளில் எட்டு எண்கள், ஒவ்வொரு வால்விலும் சரிசெய்வதற்கு முன் இருந்த இடைவெளி. வரலாறு எழுத வேண்டும் என்று அவர் நினைத்ததில்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டுக்குப் பின் அந்த எட்டு எண்களில் ஒரு மாற்றம் தெரிகிறது. 2, 3, 6, 7 ஆகியவை பழையபடியே இருக்கின்றன. 1, 4, 5, 8 ஆகியவை ஒவ்வொரு முறையும் குறுகி வருகின்றன. ஒரு பக்கத்தில் 5-ஆம் வால்வுக்கு நேரே சுழியம் எழுதி, அதை இருமுறை வட்டமிட்டிருக்கிறார்.

அதன் பொருள் எங்களுக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது. 1, 4, 5, 8 என்பவை எரிந்த புகையை வெளியேற்றும் வால்வுகள், சூடு மிகுந்தவை. பழைய பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அதன் மெல்லிய படிவு, வால்வும் அது வந்து அமரும் வார்ப்பிரும்பு இருக்கையும் ஒன்றோடொன்று பற்றித் தேயாமல் காத்தது. ஈயமோ மூச்சில் நஞ்சு, சிறப்பாகக் குழந்தைகளின் மூளைக்கு. ஆகவே 2000 பிப்ரவரி 1 முதல் இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் மட்டுமே விற்கப்பட்டது. நல்ல சட்டம்; ஐயமில்லை. ஆனால் 1950-களின் இயந்திரத்துக்கு அது சொல்லி அனுப்பப்படவில்லை. இருக்கை தேய்ந்து, வால்வு சிறிது சிறிதாக உள்ளே இறங்கி, இடைவெளி மூடியது. ஓசையிடாத குற்றம்!

பாய்க்கு ஈயத்தின் வேதியியல் தெரியாது. ஆனால் ஏட்டின் எண்களைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "புகை வால்வு நாலும் உக்காருது, ஹெட்டை இறக்கணும்" என்றார். ஹெட்டைத் தஞ்சாவூருக்கு எடுத்துச் சென்று, லேத் பட்டறையில் கடினமான எஃகு வளையங்களை இருக்கைகளாகப் பதித்து வந்தோம். அதன் பிறகு எண்கள் மீண்டும் 15-ஐ ஒட்டி நிற்கின்றன. நாடு முழுவதற்குமான ஓர் ஆணை, ஒரு சிற்றூர்க் கொட்டகையில் எந்த நாளில் வந்து சேர்ந்தது, எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பதை அந்தப் பேரேடு கல்வெட்டைப் போல வைத்திருக்கிறது. அரசர்களின் கல்வெட்டைப் படிக்கும் நமக்கு இவ்வகை ஆவணங்களைப் படிக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

கடலுக்கு அப்பால் ஓர் உறவினர்

இதே இரும்புக் குலத்தின் மூத்த கிளை ஒன்று பாக் நீரிணைக்கு அப்பால் வாழ்ந்தது. 1947-இல் வந்த ஆஸ்டின் ஏ-40 காரின் 1200 கன சென்டிமீட்டர் இயந்திரமே 'பி' வரிசையின் மூதாதை. யாழ்ப்பாணத்தில் ஏ-40 வண்டிகள் வாடகைக் கார்களாக நெடுங்காலம் ஓடின. 1990-களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, யாழ்ப்பாணத் தமிழர் சில துளிப் பெட்ரோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். நோயாளியும் பிணமும் மணமக்களும் அந்தப் புகையில்தான் பயணம் செய்தனர். போர்க்காலத்துக் கரிவாயுப் பேருந்தும் யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்க் காரும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. கியூபாவின் அவானா நகரில் அமெரிக்க வணிகத் தடைக்குப் பின் 1950-களின் கார்களை உயிரோடு வைத்திருக்கும் மெக்கானிக்குகளும் அதையே சொல்வர்: தன் கையால் பழுது பார்க்கும் அறிவு பெருமைக்காகப் பிறப்பதன்று, இல்லாமை பெற்ற பிள்ளை அது. இல்லாமை வேண்டுமென்று யாரும் விரும்பமாட்டோம். ஆனால் இல்லாமை போனபின் அந்தப் பிள்ளையையும் தெருவில் விடவேண்டுமா என்பதே கேள்வி.

பட்டறைச் சொல்லும் அகராதிச் சொல்லும்

தமிழ் கற்பிப்பவர் என்ற முறையில் இங்கே ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மகிழுந்து, பேருந்து, உள்ளெரி பொறி என்று நாம் சொல் ஆக்கினோம். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம் பொறியியலையும் தமிழில் எழுதிக் காட்டிய பெரும்பணி. தஞ்சையில் 1981-இல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் எழுந்தது. இவற்றால் 'பேருந்து' மக்கள் நாவில் நிலைத்தது. ஆயினும் நாம் ஆக்கிய சொற்களுள் மிகப்பல பட்டறைக்குள் நுழையவில்லை. பட்டறைச் சொற்களோ அகராதிக்குள் நுழையவில்லை.

பட்டறையில் தமிழ் இல்லை என்று எண்ணுவோர் அங்கே ஒரு நாள் அமர்ந்து கேட்க வேண்டும். உறுப்பின் பெயர் ஆங்கிலம்தான். ஆனால் வினை முழுவதும் தமிழ். என்ஜின் 'இழுக்கிறது', 'அடைக்கிறது', 'இருமுகிறது', 'மூச்சு விடமாட்டேன் என்கிறது'. எண்ணெய் 'தின்கிறது'. வால்வு 'உட்காருகிறது'. பெட்ரோல் மிகுந்தால் 'குடித்துவிட்டது'. பேரிங் 'கத்துகிறது', 'அழுகிறது', 'பாடுகிறது'. இம்மூன்றும் மூன்று வேறு பழுதுகள். திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து, முனையை இயந்திரத்தின் மேல் ஊன்றி, எது அழுகிறது எது பாடுகிறது என்று பாய் பிரித்துச் சொல்வார். திருகின் வரையை 'மரை' என்கிறோம். 'மரை கழன்றவன்' என்று ஆளையும் அதனாலேயே அளக்கிறோம். நோய்க்குறியைச் சொல்லும் இத்தனை வினைச்சொற்கள் எந்த அகராதியிலும் இப்பொருளில் தொகுக்கப்படவில்லை. ஏட்டில் எழுதாமலே ஒரு துறை தமிழில் முழுவளர்ச்சி பெற்றிருக்கிறது. எழுதாததாலேயே அது அழியவும் போகிறது.

குறிப்பேடு திறந்த இரவு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. எங்கள் வட்டாரத்தில் அது எண்ணற்ற தென்னைகளைச் சாய்த்தது. ஒரு தலைமுறையின் வருவாய் ஓர் இரவில் தரையில் கிடந்தது. கொட்டகையின் ஒரு மூலையில் மரம் விழுந்தது. வண்டி தப்பியது, ஆனால் நனைந்துவிட்டது, பாட்டரியும் இறங்கிவிட்டது. பாய் அதற்கு ஈராண்டு முன்பே காலமாகியிருந்தார். தந்தையாருக்கு அப்போது பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. சாலை திறந்ததும் தஞ்சாவூர் சென்று தெருவுக்கு வேண்டிய பால்மாவும் மெழுகுவத்தியும் குடிநீரும் கொண்டுவர வேண்டியிருந்தது.

மின்சாரமற்ற அந்த இரவில் அவர் எங்களிடம் கையால் ஒரு சைகை செய்தார். ஏட்டைக் கேட்கிறார் என்று தெரிய நேரமாயிற்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் எழுதிய பக்கத்தைத் தாமே புரட்டிக் காட்டினார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே உலர்ந்த துணியால் துடைக்கவும், பிளக் ஒயர்களை வரிசை மாறாமல் கழற்றவும், தீப்பொறி செல்லும் வரிசை 1, 3, 4, 2 என்றும், பெட்ரோல் வடிகட்டிக் கிண்ணத்தில் அடியில் தங்கிய நீரைக் கொட்டவும் அதில் எழுதியிருந்தது. விடியுமுன் அத்தனையும் செய்தோம். ஹேண்டில் போட்டு ஏழாவது சுற்றில் வண்டி பிடித்தது. அடுப்படியிலிருந்து தாயார், "நாலும் அடிக்குது" என்றார்.

இதில் வீரம் ஏதுமில்லை. அடுத்த வீட்டின் புதிய கார்களும் ஓடின, அவையும் உதவின. ஆனால் ஒன்று விளங்கியது. பாய் இல்லை, தந்தையாரின் நாவும் இல்லை; அவர்கள் அறிந்தது மட்டும் எழுத்தில் இருந்தது. முறிந்த அச்சுக்குப் பதிலாக வண்டியின் அடியில் கட்டியிருந்தது அந்த ஏடுதான். 2021-இல் தந்தையாரும் மறைந்தார்.

இனி

இன்று வண்டியின் முன் சில கேள்விகள் நிற்கின்றன. 2022 ஏப்ரல் முதல் பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது. 2023 பிப்ரவரி முதல் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. எத்தனால் பழைய ரப்பரை நெகிழ்த்திவிடும். தொட்டியின் அடியில் படிந்த துருவைக் கரைத்து வடிகட்டியை அடைக்கும். கரும்புச் சாற்றோடு, உணவுக் கழகக் கிடங்கின் உபரி அரிசியிலிருந்தும் எத்தனால் வடிக்க 2020-இல் இசைவு தரப்பட்டது. நெல் விளைவித்து உலகுக்குச் சோறிட்ட மண்ணில், அரிசியின் சாரமே வண்டியின் குழாயைத் தின்கிறது என்பதை எண்ணிச் சிரிப்பதா வருந்துவதா தெரியவில்லை. ஹோசுகளையும் பம்பின் டயாபிரத்தையும் மாற்றிவிட்டோம். ஏட்டில் அதற்கும் ஒரு பக்கம் எழுதியாயிற்று. கரிவாயு, ஈயம், மண்ணெண்ணெய், எத்தனால் என்று எரிபொருள்தான் மாறுகிறது. இறங்கிப் பார்க்கும் வேலை மாறவில்லை.

பழைய வண்டிகள் எல்லாம் சாலையில் நிலைக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. அவற்றின் புகை தூயதன்று. மோதினால் உள்ளிருப்போருக்குக் காப்பு குறைவு. புதிய கார் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியும் மூடியைத் திறக்கச் சொல்வதில்லை, அது நன்மையே. ஆனால் திறக்க நினைத்தாலும் திறக்க முடியாதபடி, பழுதைக் கணினிக் கருவி மட்டுமே படிக்கும்படி, அந்தக் கருவியும் நிறுவனத்தாரிடம் மட்டுமே இருக்கும்படி அமைவது வேறு செய்தி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இலேயே வண்டிகளைப் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் செய்தது. இந்திய நுகர்வோர் துறையும் 2022-இல் இதற்கெனக் குழு அமைத்து, மோட்டார் வண்டிகளையும் அதன் வரம்பில் சேர்த்தது. உமணன் சட்டம் கேட்கவில்லை. அவன் அச்சு அவன் கையில் இருந்தது. நாம் சட்டம் கேட்க வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறோம்.

அந்த உரிமை கிடைத்தாலும், பயன்படுத்தத் தெரிந்தவர் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் இந்த இயந்திரத்தைக் காதால் அறிந்த மெக்கானிக்குகள் இப்போது இருவரே. இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். அக்கா விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர்களிடம் சென்று, அவர்கள் சொல்லும் வினைச்சொற்களையும் அவை குறிக்கும் பழுதுகளையும் எழுதி வருகிறோம். தந்தையாரின் பேரேட்டையும் படியெடுத்து வருகிறோம். இதுவரை எழுபது பக்கம் முடிந்திருக்கிறது. வாசகர்கள் தம் வீட்டுப் பரணில் இத்தகைய கணக்கேடு ஏதும் கிடந்தால் பழைய தாளுக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டுகிறோம். அது காருக்கு எழுதியதாக இருக்கலாம், கிணற்று என்ஜினுக்கு எழுதியதாக இருக்கலாம், தையல் பொறிக்கு எழுதியதாகவும் இருக்கலாம்.

போன ஞாயிறு டெப்பட் பார்த்தோம். அக்காவின் மகள் ஹேண்டிலைச் சுழற்றினாள். ஐந்தாவது வால்வு 14. அவளே ஏட்டில் எழுதினாள்.